கிழமை பார்த்து, பருவம் பார்த்து: ஓசூர், கிருஷ்ணகிரிக்கு வருபவர்களுக்கு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தரை சுமார் 400 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் ஓசூரில் கோடைக் காலையிலும் காற்றில் குளிர்ச்சி உண்டு. சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாயில் வண்டி இறங்கத் தொடங்கியதும் வெயிலின் சூடும் மாறும், சாலையோரப் பயிரும் மாறும். மேலே முட்டைக்கோஸ், தக்காளி, ரோஜாக் குடில்கள், கேழ்வரகு. கீழே மாந்தோப்பு, தென்னை, புளியமரம்.

பெங்களூருக்கும் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையில் இந்தச் சாலையில் ஓயாமல் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஓசூர் என்றால் தொழிற்சாலை, கிருஷ்ணகிரி என்றால் சுங்கச்சாவடி. தேநீர் குடிக்க நிறுத்துவார்கள், சீசனில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள்.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்த மாதம் வருகிறீர்கள், என்ன கிழமை? இந்த மாவட்டத்தின் ருசியும் அழகும் இடங்களில் இருப்பதைவிட நாட்களில் அதிகம் இருக்கின்றன. சந்தைக்கு ஒரு கிழமை, களிக்கு ஒரு வேளை, மாம்பழத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள், காட்டுப் பாதைக்குப் பகல் வெளிச்சம். அவற்றை அறிந்து வருபவருக்கு இரண்டு நாள் போதாது. அறியாமல் வருபவருக்கு அரை நாளே நீளமாகத் தெரியும்.

மேட்டு நிலமும் கீழ் நிலமும்

பயணத் திட்டம் போடுவதற்கு முன் இந்த நிலத்தின் இரண்டு அடுக்குகளைப் புரிந்துகொள்வது நல்லது. கிருஷ்ணகிரியைச் சுற்றிய கீழ்ப்பகுதி வரலாற்றில் பாரா மகால் என்று பெயர் பெற்றது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி ஆகியவை இருக்கும் மேட்டுப் பகுதி பாலாகாட். திப்பு சுல்தானுடன் 1792-இல் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரா மகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஓசூர் பகுதி அவர்களிடம் போனது 1799-இல், திப்பு வீழ்ந்த பிறகு. பாரா மகாலின் முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோதான் பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரானார். உழவரிடமே நேரடியாக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறைக்கான தொடக்ககால அனுபவம் அவருக்குக் கிடைத்தது இந்த வயல்களில்தான்.

இன்றைய மாவட்டம் 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி தர்மபுரியிலிருந்து பிரிந்து உருவானது. கர்நாடகம் மேற்கிலும் வடமேற்கிலும், ஆந்திரம் வடக்கில். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்கும். ஓசூரில் காய்கறி விற்கும் அம்மா வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். தமிழில் பேசினால் எல்லா இடத்திலும் வேலை நடக்கும். தளி, அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கன்னடமோ தெலுங்கோ நாலு சொல் தெரிந்திருந்தால் பேச்சு இன்னும் நீளும்.

ஞாயிறு போச்சம்பள்ளி, வெள்ளி குந்தாரப்பள்ளி

இந்தப் பகுதியின் உணவை அறிய ஓட்டலுக்கு முன் சந்தைக்குப் போக வேண்டும். போச்சம்பள்ளி வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. மாநிலத்தின் பெரிய வாரச்சந்தைகளில் ஒன்று அது. ஆடு, நாட்டுக்கோழி, புளி, கொள்ளு, அவரைக்கொட்டை, மண்பானை, கயிறு, அரிவாள், துணி எல்லாம் ஒரே திடலில் கிடைக்கும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சந்தை. அங்கே ஆடுமாடு வியாபாரம் பெரிது. ரம்ஜான், பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வியாபாரிகள் வந்து குவிவார்கள்.

இங்கே முதல் பாடம் நேரம். ஆட்டுச் சந்தை விடியற்காலையிலேயே சூடு பிடித்துவிடும், வெயில் ஏறுவதற்குள் நல்ல உருப்படிகள் கை மாறிவிடும். பத்து மணிக்கு வந்து சேர்பவருக்குக் காய்கறியும் கூட்டமும்தான் மிஞ்சும். இரண்டாவது, படம் எடுக்கும் விஷயம். மாட்டுக்காரர்கள் துண்டுக்கடியில் கைவிரல் பிடித்து விலை பேசும்போது கேமராவை நீட்டுவது அவர்களுக்குப் பிடிக்காது. வியாபாரம் முடிந்தபின் கேட்டால் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டி வயது சொல்லித் தருவார்கள்.

மூன்றாவது, பேரம். கொள்ளும் புளியும் விற்கும் பெண்கள் பலர் சொந்த வயலில் விளைந்ததை மூட்டை கட்டி முதல் பஸ்ஸில் கொண்டுவந்தவர்கள். "அக்கா, இது எந்த ஊர்ப் புளி?" என்று கேட்டால், "நம்ம தோட்டத்துதுங்க, வாயில போட்டுப் பாருங்க" என்று ஒரு சுளையை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்குங்கள், ஆனால் ஐந்து ரூபாய்க்கு அடித்துப் பேசாதீர்கள்.

பயிர்வாரியாகவும் மண்டிகள் உண்டு. ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர் போனது. சூளகிரியில் கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக் கட்டாக லாரி ஏறும். அந்தப் பக்கம் போகும்போது வாசனையே வழி சொல்லிவிடும்.

களிக்கு ஒரு வேளை உண்டு

தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. எனவே இங்கே சாப்பிட வேண்டிய முதல் சாப்பாடு களி. அரிசி நொய்யை நன்றாக வேகவிட்டு, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டி, மூடிப் புழுங்கவிட்டு, மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறுவது கீழ்ப்பகுதிப் பழக்கம். ஓசூர், தளிப் பக்கம் கன்னட நாட்டு முத்தெ போல மாவை மட்டும் கிண்டி இறுக்கமான உருண்டையாகப் பிடிப்பதும் உண்டு. இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தால்தான் மேட்டு நிலத்துக்கும் கீழ் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு நாக்குக்குத் தெரியும்.

தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், பச்சைப்புளி ரசம். புளியைக் கரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் நசுக்கிப் போட்டு, அடுப்பில் வைக்காமலேயே செய்யும் இந்தப் பச்சைப்புளி ரசம் புளி விளையும் ஊர்களின் ஏழை வீட்டுக் கண்டுபிடிப்பு. கோடையில் இதைக் குடித்தவர் குளிர்பானம் தேட மாட்டார்.

களி மதியச் சாப்பாடு. சிறிய மெஸ்களில் ஒரு பானை கிண்டுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பன்னிரண்டரை மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். மெல்லக் கூடாது, சிறு உருண்டையாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். குழந்தைகளுடன் வருபவர்கள் முதலில் கீரைக் கடைசலோடு ஆரம்பித்து வையுங்கள், பழகிவிடும்.

டிசம்பர், ஜனவரியில் வந்தால் அவரைக்காய் சீசன். பனி இறங்கும் அந்த வாரங்களில் பச்சை அவரைக்கொட்டையை உரித்து, தோலையும் நீக்கி வைக்கும் குழம்பின் மணம் ஓசூர்த் தெருக்களில் நிற்கும். வருடம் முழுவதும் கிடைப்பவை வேறு. காவேரிப்பட்டணத்தின் நிப்பட் அவற்றில் ஒன்று. அரிசி மாவில் நிலக்கடலையும் மிளகாயும் சேர்த்துத் தட்டிப் பொரித்த இந்தப் பலகாரம் இல்லாமல் அந்த ஊரைத் தாண்டுவது தவறு. ஓசூரில் காலையில் தட்டை இட்லி, மாலையில் மத்தூர் வடை. கிருஷ்ணகிரியில் மதியத்துக்குப் பிரியாணியும் தால்ச்சாவும். எல்லை ஊருக்கு வந்தவர் இரண்டு பக்கத்துச் சாப்பாட்டையும் ருசிக்கலாம்.

மாம்பழ மாதங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை கிருஷ்ணகிரி வேறு ஊராகிவிடும். சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தோப்பு. தோப்பில் பறிப்பு, சாலையில் டிராக்டர், மண்டியில் ஏலம். தோத்தாபுரி என்று மற்ற ஊர்களில் சொல்லும் கிளிமூக்கு மாங்காய்க்கு இங்கே பெயர் பெங்களூரா. விளைச்சலில் பெரும் பங்கு அதற்குத்தான். அதுவும் அல்போன்சாவும் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போய், டின்களில் அடைபட்டு வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. சாப்பிட வாங்குபவர்கள் தேட வேண்டியவை செந்தூரா, பங்கனபள்ளி, மல்கோவா, இமாம் பசந்த். சீசன் முடியும் வேளையில் நீலம் வரும்.

கிருஷ்ணகிரியில் கோடைதோறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும். நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களைப் பெயர்ச்சீட்டோடு ஒரே பந்தலில் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

பழம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெடுஞ்சாலையோரக் குவியலில் ஒரே மஞ்சளில், ஒரே அளவில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் வேகமாகப் பழுக்க வைத்தது. உள்ளே தள்ளி, தோப்புக்காரரிடமே முற்றிய காயாக வாங்கி, வைக்கோலில் வைத்துப் பழுக்க வைப்பதே மேல். காம்புப் பக்கம் முகர்ந்தால் பால் வாசனையும் மண் வாசனையும் சேர்ந்து வரும் காய் நல்ல காய்.

இந்த மாம்பழத்துக்குப் பின்னால் கவலையும் உண்டு. 2025 கோடையில் பெங்களூராவின் கொள்முதல் விலை பறிப்புக் கூலிக்கும் கட்டாத அளவுக்குச் சரிந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். தோப்புக்குப் போய் நேரடியாக வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் அந்தக் குடும்பத்துக்கு உண்மையான உதவி.

கோட்டை ஏற விடியற்காலை

பாரா மகால் என்றாலே கோட்டைகள்தான் நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரி நகரத்தின் தலைக்கு மேலேயே நிற்கிறது மலைக்கோட்டை. விஜயநகரக் காலத்தில் எழும்பி, பின்னர் மைசூர் ஆட்சியில் பலப்பட்ட கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் ஆங்கிலப் படை இதைத் தாக்கியது. கீழே இருந்த பேட்டை அவர்கள் வசமானது. ஆனால் மேல்கோட்டையில் இருந்தவர்கள் உருட்டிவிட்ட பாறைகளுக்கு முன்னால் ஏணிகளோடு ஏறிய படை நிற்க முடியாமல் பின்வாங்கியது. செங்குத்தான அந்தப் பாறை முகத்தை நேரில் பார்த்தால் ஏன் என்று விளக்கம் தேவைப்படாது. மேலே சையத் பாஷா தர்கா இருப்பதால் மலைக்கே அந்தப் பெயர் வழங்குகிறது. எல்லா மதத்தவரும் ஏறி வருவார்கள்.

அதே 1791-இல், ஜூலையில், மேஜர் கௌடியின் படையிடம் வீழ்ந்தது ராயக்கோட்டை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாரா மகாலுக்கு இறங்கும் வழியைக் காத்த கோட்டை அது. உச்சியிலிருந்து பார்த்தால் இரண்டு நிலங்களும் சேரும் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். இரண்டு கோட்டைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

ஏறுவதற்கு விடியற்காலையே ஏற்ற நேரம். ஒன்பது மணிக்கு மேல் பாறை கொதிக்கும். மேலே கடை கிடையாது, எனவே தண்ணீர் கையோடு வேண்டும். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். தனியாக ஏறாமல் உள்ளூர்ப் பையன் ஒருவனையாவது அழைத்துப் போனால், சுனை எங்கே, வெடிமருந்துக் கிடங்கு எங்கே என்று நம் கண்ணில் படாததையெல்லாம் காட்டுவான். சுவரில் பெயர் கிறுக்கும் வழக்கம் இங்கேயும் இருக்கிறது. கூட வரும் பிள்ளைகளுக்கு அது ஏன் கூடாது என்று அங்கேயே சொல்லிக்கொடுங்கள்.

கல்லில் இருக்கும் காலம்

கோட்டைகளின் வயது சில நூற்றாண்டுகள். இந்த மாவட்டத்தின் உண்மையான பழமை அவற்றைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தியது.

சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சாமல்பள்ளத்தை ஒட்டி மல்லசந்திரம் என்ற ஊர் இருக்கிறது. அதன் பாறைக் குன்றின் மீது இரும்புக்கால மக்கள் எழுப்பிய கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி, ஒரு பலகையில் வட்டத் துளையிட்டுக் கட்டிய ஈமச்சின்னங்கள். சுற்றிலும் தலைப்பக்கம் வளைந்த பலகைக் கற்கள் வட்டமாக நிற்கும். சிலவற்றின் உட்புறத்தில் வெண்ணிற ஓவியங்கள் இருக்கின்றன. ஊர்மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள்.

பர்கூருக்கு அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரியின் காலக்கணிப்பு கி.மு. 2172 என்று வந்தது. 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு புழங்கியதற்கான சான்று என்று 2022 மே 9-ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அதை அறிவித்தார். தூத்துக்குடி மாவட்டச் சிவகளையிலிருந்து இன்னும் முந்தைய காலக்கணிப்புகள் 2025-இல் வெளியாகும்வரை இரும்பின் தொன்மை பற்றிய பேச்சில் முன்னால் நின்றது இந்த ஊர். ஊத்தங்கரை வட்டத்தின் சென்னானூரில் 2024-இல் நடந்த அகழாய்வு புதிய கற்காலக் கைக்கோடரிகளைக் கொடுத்தது.

அடுத்து நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரன், புலியோடு பொருதவன், இவர்களுக்கு ஊர் எடுத்த கற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. ஹொய்சள அரசன் வீர ராமநாதன் தன் தலைநகரை வைத்திருந்த குந்தாணி, வேப்பனப்பள்ளிப் பக்கம் சின்னகொத்தூரை ஒட்டியது. இன்று அங்கே அமைதியான வயல்கள்.

இவற்றையெல்லாம் தேடிப் போவதற்கு முன் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய்வருவது பயன் தரும். 1993-இல் தொடங்கியது. நடுகற்களை அருகில் நின்று பார்த்து, எதை எப்படிப் படிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே கண் பழகிய பின் வயலில் நிற்கும் கல் பேசத் தொடங்கும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளிச் சந்தையையும் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் வைத்துத் திட்டமிட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

யானைகளின் மாதங்கள்

தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் காடு. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. முதலாவது ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர், இரண்டாவது 686. கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவோடும் காவிரிக் கரைக் காடுகளோடும் தொடர்ச்சியாக இருக்கும் யானை நிலம் இது.

அக்டோபர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக வருகின்றன. சானமாவு காடு வரை வந்து முகாமிடுகின்றன. கேழ்வரகு பால் பிடிக்கும் பருவமும் அதுதான். கதிர் முற்றும்வரை விவசாயிகள் மரத்தின் மேல் பரண் கட்டி, தகர டப்பாவோடு இரவு முழுக்க விழித்திருப்பார்கள். ஒரு ராத்திரியில் ஒரு வருட உழைப்பு போய்விடும். சில ஆண்டுகளில் உயிரும் போயிருக்கிறது.

எனவே இந்த மாதங்களில் வரும் பயணிக்கு நான் அழுத்திச் சொல்வது: யானை பார்க்கலாம் என்று மாலை மங்கும் நேரத்தில் காட்டோரச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். செல்ஃபிக்காக இறங்குபவரால் யானை மிரண்டு ஊருக்குள் திரும்பினால் பாதிக்கப்படுவது பயணி அல்ல, வயல்காரர். வனத்துறை ஊழியர்கள் போக வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். அய்யூர்ப் பக்கம் காட்டைப் பார்க்க விரும்புபவர்கள் ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியோடு போக வேண்டும்.

பனிமூட்டம் வேண்டுபவர்களுக்குப் பெட்டமுகிலாளம் இருக்கிறது. மலை மேல் கேழ்வரகும் கடுகும் விளையும் ஊர்கள். ஓட்டல்களை நம்பிப் போகாமல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லும் காட்டுச் சாலை மாவட்டத்தின் அழகான பாதைகளில் ஒன்று. பகலில் மட்டும் போங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும் என்பதால், ஆடியிலும் ஆவணியிலும் கிளம்புமுன் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆறு, இரண்டு அணைகள்

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை தமிழகத்துக்குள் நுழைந்ததும் சந்திக்கும் முதல் அணை ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி. பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து வருவதால் நீர் திறக்கும் நாட்களில் இங்கே வெள்ளை நுரை மலைபோல் எழும். சமூக ஊடகங்களில் அந்த நுரையைப் பனி என்று ரசிப்பவர்களைப் பார்க்கிறோம். அதைத் தொடாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். அதே நீரை நம்பி வயல் வைத்திருக்கும் மக்களின் நெடுநாள் துயரம் அது.

கீழே இறங்கினால் கிருஷ்ணகிரி அணை. ஊரில் கே.ஆர்.பி. டேம் என்பார்கள். காமராஜர் முதல்வராக இருந்த 1950-களில் கட்டியது, 52 அடி உயரம், சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம். பூங்காவும் அணைக்கட்டின் காற்றும், வாசலில் சுடச்சுட மீன் வறுவலும் குடும்பத்தோடு ஒரு மாலைக்குப் போதும். ஞாயிறு மாலை கூட்டம் நெரியும், வார நாட்கள் சுகம்.

தொழில் நகரத்துக்கும் ஒரு நாள்

ஓசூரை வெறும் சிப்காட் தொழிற்பேட்டை என்று ஒதுக்குவது அந்த ஊருக்குச் செய்யும் அநீதி. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டு தமிழ்நாட்டுக் கிராமங்களின் பால்கேனையும் காய்கறி மூட்டையையும் சுமந்தது. அசோக் லேலண்ட் வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத்தை ஓசூரின் அடையாளமாக்கியது. 2019-இல் ஊர் மாநகராட்சியானது.

ஆனால் இயந்திரம் வருவதற்கு முன்பே இங்கே பெரிய நிறுவனம் ஒன்று இருந்தது. மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை, 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த புல்வெளியோடு, இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடக்கிறது. குதிரையும் மாடும் வளர்க்க ஆங்கிலேயர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இன்று ரோஜா வளர்ப்பவர்கள் சொல்லும் அதே காரணம்தான்: இந்தக் குளிர்ந்த காற்று. டிசம்பரில் செடியைக் கவாத்து செய்து, ஐம்பது நாள் கணக்கு வைத்து, பிப்ரவரி 14-க்கு முன் மொட்டு விரியும்படி கொண்டுவருவார்கள். சிவப்புத் தாஜ்மஹால் ரகம் விமானத்தில் வெளிநாடு போகும். தளியில் இந்திய, இஸ்ரேலிய ஒத்துழைப்பில் மலர்களுக்கான மகத்துவ மையம் செயல்படுகிறது. குடில்களுக்குள் போக விரும்புபவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டு, ஜனவரி கடைசிக்குள் போய்விட வேண்டும். அறுவடை நாட்களில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-இல் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவர் பிறந்த அந்த எளிய வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மாலையில் சந்திரசூடேஸ்வரர் கோயில் குன்று. நகரம் முழுவதும் கண்ணில் படும். மார்ச் மாதத்தில் வரும் தேரோட்டத்துக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்கள் திரள்வார்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம்.

வருவதும் தங்குவதும்

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருபவர்கள் ஓசூரில் இறங்கலாம். பெங்களூரிலிருந்து தர்மபுரி வழியாகச் சேலம் போகும் பாதை அது. ராயக்கோட்டையிலும் நிலையம் உண்டு. பஸ் வசதி எல்லா நேரமும் தாராளம். வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு இரவும் அத்திப்பள்ளி எல்லையிலிருந்து ஓசூர் வரை வண்டிகள் நகராது, அந்த நேரத்தைத் தவிருங்கள். வேறு மாநில வாடகை வண்டியில் வருபவர்கள் எல்லை வரியும் பர்மிட்டும் யார் பொறுப்பு என்று ஏறுமுன்னே பேசிவிடுங்கள்.

முதல் முறை வருபவருக்கு ஒரு திட்டம். சனிக்கிழமை காலை ஓசூர், தொரப்பள்ளி, மதியம் களி, மாலை மேலுமலை இறங்கிக் கிருஷ்ணகிரியில் தங்கல். ஞாயிறு விடியலில் போச்சம்பள்ளிச் சந்தை, திரும்பும் வழியில் காவேரிப்பட்டணத்து நிப்பட், மதியம் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் அணை. முடிந்தால் திங்கள் காலை மலைக்கோட்டை. இரண்டாவது முறை வரும்போது மல்லசந்திரத்துக்கு என்று ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்.

அந்த இடத்துக்காக ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த மாவட்டத்தின் கருங்கல்லுக்கு உலகச் சந்தையில் விலை இருக்கிறது. குவாரிகள் விரியும் இடங்களிலும், புதையல் தேடுபவர்கள் மூடுகல்லைப் புரட்டும் இடங்களிலும் கற்திட்டைகளும் நடுகற்களும் அழிகின்றன. ஊர்ப் பிள்ளைகளில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்க வேண்டும். ஒவ்வொரு குன்றின் அடியிலும் என்ன இருக்கிறது என்று சொல்லும் பலகையும் காவலும் வேண்டும். தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் இதை உடனே செய்ய வேண்டும். அங்கே போகும் வாசகர்கள் கல்லின் மேல் ஏறாதீர்கள், ஓவியத்தில் தண்ணீர் தெளித்துப் படம் எடுக்காதீர்கள். புரட்டிய கல்லோ உடைந்த கல்லோ கண்ணில் பட்டால், இடத்தைக் குறித்து மாவட்ட அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.